முகத்திரையை விலக்கலாமா? பிரான்டெல்லோவின் நாடகத்தைத் துக்கத்தின் நாடகமாக வாசிப்பது பற்றி

மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இத்தாலிய நாடகாசிரியர் லூயிஜி பிரான்டெல்லோவின் 'கோஸி ஏ (ஸே வீ பாரே)' நாடகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். 'உங்களுக்கு அப்படித் தோன்றினால், அப்படித்தான்' என்பது தலைப்பின் பொருள். உண்மை என்று ஒன்று கிடையாது என்று சொல்லும் நாடகம் இது என்று படித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இயக்குநரோ அதைத் துக்கத்தைப் பற்றிய நாடகமாக நடத்தியிருக்கிறார். கடைசிக் காட்சியில் முகத்தை மூடி வரும் பெண்ணின் முகத்திரையை விலக்கிக் கண்ணீரைக் காட்டியிருக்கிறார். லவுதீஸி என்ற பாத்திரத்தின் கடைசிச் சிரிப்பை வெட்டிவிட்டார். இது நியாயமான வாசிப்பா, அத்துமீறலா, கடைசியில் யார்தான் பைத்தியம் என்று கேட்கிறீர்கள்.

துக்கத்தின் நாடகமாக வாசித்தது சரி. நாடகப் பிரதியிலேயே அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. முகத்திரையை விலக்கியது தவறு. சிரிப்பை வெட்டியது அதைவிடப் பெரிய தவறு. யார் பைத்தியம் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் இந்த நாடகம் நமக்கு வைக்கும் பொறி.

நாடகத்தை அறியாதவர்களுக்காகக் கதை. இத்தாலியில் ஒரு மாவட்டத் தலைநகர். அங்குள்ள அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிறான் போன்ட்ஸா என்ற செயலாளர். மார்ஸிகா வட்டாரத்தில் பூகம்பத்தால் தரைமட்டமான ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். கூடவே மனைவியும் மாமியாரும். மாமியார் ஃப்ரோலா அம்மாளை, தன் மேலதிகாரி அகாட்ஸி வசிக்கும் கட்டடத்திலேயே நல்ல வீடு ஒன்றில் குடிவைக்கிறான். மனைவியையோ ஊர்க்கோடியில், இருண்ட முற்றம் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் வைத்திருக்கிறான். தாயும் மகளும் ஒருவரையொருவர் தொட்டுப் பேசுவதில்லை. தாய் கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும். அதில் இரண்டு வரிக் கடிதம் வரும், போகும்.

ஊர் சும்மா இருக்குமா? அகாட்ஸியின் மனைவியும் மகளும் மரியாதை நிமித்தம் ஃப்ரோலா அம்மாளைப் பார்க்கப்போய் முகத்தில் அடித்தாற்போலத் திரும்பி வருகிறார்கள். அந்த அவமானத்தைச் சாக்கு வைத்து விசாரணை தொடங்குகிறது. முதலில் ஃப்ரோலா அம்மாள் வந்து மருமகனுக்காக மன்னிப்புக் கேட்டுப் பரிந்து பேசுகிறார். அவர் போனதும் போன்ட்ஸா வருகிறான். என் மாமியாருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, அவருடைய மகளும் என் முதல் மனைவியுமான லீனா நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டாள், இப்போது என்னுடன் இருப்பவள் இரண்டாம் மனைவி ஜூலியா, அவளைத் தன் மகள் என்று இவர் நம்புகிறார், அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டாம் என்றுதான் நாங்கள் இப்படி வாழ்கிறோம் என்கிறான். அவன் போனதும் அம்மாள் திரும்பி வருகிறார். பேதலித்திருப்பது மருமகனுக்குத்தான், அவனுடைய அளவு கடந்த அன்பைத் தாங்க முடியாமல் என் மகளைச் சிகிச்சை இல்லத்தில் வைக்க நேர்ந்தது, அவள் இறந்துவிட்டதாக அவன் நம்பிவிட்டான், குணமாகித் திரும்பியவளை அவனால் அடையாளம் காண முடியவில்லை, வேறொரு பெண் என்று சொல்லி இரண்டாம் முறையும் கல்யாணம் செய்துவைத்தோம் என்கிறார். ஆவணங்களைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்றால், ஆவணக் காப்பகம் பூகம்பத்தில் புதைந்துவிட்டது. சாட்சி சொல்ல உறவினர்கள் யாரும் உயிரோடு இல்லை.

கடைசியில் மாவட்ட ஆட்சியாளரே தலையிட்டு அந்த மனைவியை வரவழைக்கிறார். கறுப்பு உடையில், முகம் தெரியாத தடித்த கறுப்புத் திரையோடு அவள் வருகிறாள். நான் ஃப்ரோலா அம்மாளின் மகள்தான், போன்ட்ஸாவின் இரண்டாம் மனைவியும்தான் என்கிறாள். எனக்கு நான் யாருமில்லை. பிறர் என்னை யாரென்று நம்புகிறார்களோ அவள்தான் நான் என்கிறாள். அகாட்ஸியின் மைத்துனர் லவுதீஸி, உண்மை பேசும் அழகைப் பார்த்தீர்களா, திருப்தியா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். திரை.

அந்தப் பெண்ணின் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தத்துவப் பாடப் புத்தகத்தில் போடுவதற்கு வசதியான வாக்கியம். ஆனால் நாடகத்தை மேடையேற்றுபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அதற்குச் சற்று முன்னால் நடப்பதை.

திரையிட்ட பெண் உள்ளே வந்ததும் ஃப்ரோலா அம்மாள் "லீனா!" என்று கதறிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அதே நேரத்தில் வெளியிலிருந்து "ஜூலியா! ஜூலியா!" என்று கத்தியபடி போன்ட்ஸா பாய்ந்து வருகிறான். அந்தப் பெண் நிமிர்ந்து நின்று, பயப்படாதீர்கள், போங்கள் என்கிறாள். அவ்வளவுதான். இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பைத்தியம் என்ற இருவரும் சட்டென்று தணிந்து, வா போகலாம், போகலாம் என்று ஒருவரையொருவர் அணைத்துத் தடவிக்கொடுத்தபடி வெளியேறுகிறார்கள். இங்கே பிரான்டெல்லோ எழுதியிருக்கும் மேடைக்குறிப்பு, அவர்கள் 'இரண்டு வெவ்வேறு அழுகைகளுக்கு நடுவே' போகிறார்கள் என்கிறது. ஒருவர் உயிரோடிருக்கும் மகளைப் பார்க்க முடியாமல் அழுகிறார். மற்றவன் இறந்துபோன மனைவிக்காக அழுகிறான். அல்லது ஒருவர் இறந்த மகளுக்காக அழுகிறார், மற்றவன் வேறு எதற்கோ அழுகிறான். எப்படி வைத்துக்கொண்டாலும் அழுகை இரண்டு, அணைப்பு ஒன்று.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் அதிகாரிகளைப் பார்த்துப் பேசுவதைக் கவனியுங்கள். இதற்கு மேலும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். இங்கே ஒரு துயரம் இருக்கிறது, அது மறைந்தே இருக்க வேண்டும், அப்படி இருந்தால்தான் இரக்கம் அதற்குத் தந்திருக்கும் மருந்து பலிக்கும் என்ற பொருளில் சொல்கிறாள். ஆட்சியாளர் அதற்குப் பதிலாக, இரக்கத்தை நாங்கள் மதிக்கிறோம், இருந்தாலும் நீங்கள் யார் என்று சொல்லிவிட்டால் நல்லது என்கிறார். 'இருந்தாலும்' என்ற அந்த ஒட்டில்தான் நாடகத்தின் முழுக் கொடூரமும் இருக்கிறது. அதன் பிறகு அவள் தரும் பதில்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். தத்துவம் பேச வந்து அவள் அதைச் சொல்லவில்லை. விரட்டி விரட்டிக் கேட்டவர்கள் முன்னால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்கிறாள்.

ஆகவே உங்கள் இயக்குநர் துக்கத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவில்லை. அவர் வாக்கியங்களின் வரிசையை மதித்திருக்கிறார்.

இன்னும் ஆதாரம் வேண்டுமென்றால் பாத்திர அறிமுகக் குறிப்புகளைப் பாருங்கள். போன்ட்ஸா குட்டையானவன், கறுத்தவன், பார்த்தாலே பயம் தருபவன், தலை முதல் கால் வரை கறுப்பு உடை. கைகளை இறுக்கி மூடிக்கொண்டே இருக்கிறான், அடக்கிவைத்த வெறியோடு பேசுகிறான். அவ்வப்போது வியர்வையைத் துடைக்கிறான். துடைக்கும் கைக்குட்டையின் ஓரம் கறுப்பு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் துக்கம் காப்பவர்கள் வைத்திருந்த கைக்குட்டை அது. ஃப்ரோலா அம்மாளுக்கு எழுதியிருப்பதோ கண்களில் பெரும் சோகம், உதடுகளில் அதைத் தணிக்கும் மாறாத புன்னகை. ஒரு நடிகைக்கு இதைவிடத் தெளிவான, இதைவிடக் கடினமான கட்டளை இருக்க முடியாது. கண்ணும் உதடும் எதிரெதிர் வேலை செய்ய வேண்டும், மூன்று அங்கங்களுக்கும்.

பூகம்பம் வெறும் வசதிக்காகச் சேர்த்த ஏற்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். ஆவணங்கள் அழிய ஏதாவது காரணம் வேண்டும், அதனால் பூகம்பம் என்பது அவர்கள் கணக்கு. 1917இல் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்க வழியில்லை. மார்ஸிகா பூகம்பம் 1915 ஜனவரி 13 அன்று காலையில் நடந்தது. சுமார் 30,000 பேர் இறந்தார்கள். அவெட்ஸானோ நகரம் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்து, அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இடிபாடுகளில் மாண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. நாடகம் மிலான் நகரின் ஒலிம்பியா அரங்கில், விர்ஜிலியோ தல்லியின் குழுவால், 1917 ஜூன் 18 அன்று அரங்கேறியபோது, போர்முனையிலிருந்து கடிதம் வருமா, வந்தால் யார் கையெழுத்தில் வரும் என்று காத்திருந்த குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. உறவு உயிரோடிருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் வாழ்வது அவர்களுக்குப் புதிராக இருந்திருக்காது, அன்றாடமாக இருந்திருக்கும்.

பிரான்டெல்லோவின் வீட்டிலும் அதே நிலைமைதான். மூத்த மகன் ஸ்டெஃபானோ 1915 முதல் ஆஸ்திரியர்களிடம் போர்க்கைதி. மனைவி அந்தோனியெத்தாவின் மனநிலை, 1903இல் குடும்பத்தின் பணம் போட்டிருந்த கந்தகச் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கிய செய்தி கேட்ட நாளிலிருந்து சீர்குலைந்துவந்தது. கணவர் தனக்குத் துரோகம் செய்கிறார் என்ற சந்தேகம் அவரை விட்டு நீங்கவே இல்லை. 1919இல் சிகிச்சை இல்லத்தில் சேர்க்கும்வரை பிரான்டெல்லோ அவரோடுதான் வாழ்ந்தார். தன்னை வேறொருவனாக நம்பும் ஒருவரோடு பல ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர் எழுதிய நாடகம் இது. வாழ்க்கையைக் கொண்டு நாடகத்தை விளக்கும் பழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெரும்பாலும் அது சோம்பேறி விமரிசனம். இங்கே ஒன்றை மட்டும் அது உறுதிப்படுத்துகிறது. இவர் எழுதும் பேதலிப்பு மேசை மீது வைத்துப் பிரிக்கும் தர்க்கப் புதிர் இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாடகம் துக்கத்தைத் தர்க்கப் புதிராக்கிவிட்டது என்ற குறையை முதலில் சொன்னவர்களில் ஒருவர் அந்தோனியோ கிராம்சி. அரசியல் சிந்தனையாளராக உலகம் அறிவதற்கு முன்பு அவர் துரின் நகரில் 'அவந்தி!' பத்திரிகைக்கு நாடக விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தார். 1917 அக்டோபரில் இந்த நாடகத்தைப் பற்றி எழுதியபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தர்க்கத்தை நிரூபிக்க எழுதிய சொற்களின் அடுக்கு என்றார். உண்மையான நாடகம் பைத்தியம் என்று பட்டம் கட்டப்பட்ட அந்த இருவரிடம் இருக்கிறது, ஆசிரியரோ அதைக் கோடிகாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார், அவர்களைத் தர்க்க ஆட்டத்தின் காய்களாக வைத்துவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. பிரதியைப் பொறுத்தவரை நான் கிராம்சியோடு உடன்படவில்லை; அவர் சொல்லும் அந்த 'உண்மையான நாடகம்' மேடைக்குறிப்புகளில் இருக்கிறது. வசனத்தை மட்டும் கேட்டால் தவறிப்போகும். ஆனால் அன்று அவர் பார்த்த மேடையேற்றத்தில் அது வெளிப்படாமல் போயிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அதன் பிறகு வந்த நல்ல இயக்குநர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கிராம்சிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

இனி மேடைக்கு வருவோம். துக்கத்தின் நாடகம் என்று முடிவு செய்துவிட்டால் போதாது. அந்த முடிவு எங்கெங்கே செயலாகிறது என்பதில்தான் இயக்குநர்கள் வெற்றி பெறுகிறார்கள் அல்லது சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், ஆரம்பத்திலிருந்தே சோகம் காட்டுவது. மங்கிய ஒளி, மெதுவான அசைவு, பின்னணியில் ஒரு வயலின். நாடகம் செத்துவிடும். முதல் அங்கம் சிரிப்பு நாடகம், அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஊர் வம்பு பேசும் பெண்கள், அவர்களைவிட ஆவலாக வம்பு கேட்கும் ஆண்கள், பதவியின் பெயரால் எட்டிப்பார்க்கும் அதிகாரி. பார்வையாளர்கள் இவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். அடுத்து யார் வந்து என்ன சொல்வார்கள் என்று இவர்களோடு சேர்ந்து துடிக்க வேண்டும். 1908இல் வெளிவந்த 'நகைச்சுவை' பற்றிய நூலில் பிரான்டெல்லோ தரும் புகழ்பெற்ற உதாரணம் இங்கே உதவும். தலைமயிருக்குச் சாயம் பூசி, வயதுக்குப் பொருந்தாத ஒப்பனையும் சிறுபெண் உடையுமாக ஒரு மூதாட்டி வருகிறார். பார்த்ததும் சிரிப்பு வருகிறது. இருக்க வேண்டியதற்கு நேர்மாறாக இருப்பதைக் கவனிக்கிறோம். தன்னைவிட இளைய கணவனின் அன்பைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் இந்தக் கோலம் என்று தோன்றிய கணத்தில் சிரிப்பு அடைத்துக்கொள்கிறது. அந்த முரணை இப்போது உணர்கிறோம். சிரிப்பு வராதவனுக்கு அந்த அடைப்பும் வராது. முதல் அங்கத்தில் சிரிக்காத அரங்கம் மூன்றாம் அங்கத்தில் வெட்கப்படாது. துக்கத்தை நம்பும் இயக்குநர்தான் முதல் அங்கத்தைக் கூர்மையான நகைச்சுவையாக நடத்த வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் தராசைச் சாய்ப்பது. இது நடிகர் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. ஃப்ரோலா அம்மாள் பாத்திரத்துக்குப் பெரிய நடிகையைப் போடும் வழக்கம் உண்டு. 1966இல் நியூயார்க்கில் ஹெலன் ஹேய்ஸ், 2003இல் லண்டனில் பிராங்கோ ஜெஃபிரெல்லியின் இயக்கத்தில் ஜோன் பிளோரைட். ஐம்பது ஆண்டுகள் மேடையில் மக்கள் அன்பைச் சம்பாதித்த ஒரு முகம் புன்னகையோடு வந்து உட்கார்ந்தால் யார் பொய் சொல்வதாக நினைப்பார்கள்? எதிரே முரட்டு மீசையும் முறைப்புமாக ஒருவன். பார்வையாளர்களின் தீர்ப்பு அவன் வாய் திறக்கும் முன்பே எழுதப்பட்டுவிடும். அதனால் ஒத்திகை நேரத்தில் பெரும் பகுதியைப் போன்ட்ஸாவுக்குச் செலவிட வேண்டும் என்பது என் கட்சி. 1927இல் நியூயார்க்கில் தியேட்டர் கில்ட் என்ற நாடக அமைப்பு இதை நடத்தியபோது போன்ட்ஸாவாக நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன், சினிமாவில் கொள்ளைக் கூட்டத் தலைவனாகப் புகழ் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. குட்டையான, அழுத்தமான, எந்த நேரமும் வெடிக்கக்கூடிய ஓர் உடல். அந்தத் தேர்வு சரியான திசையில் இருந்தது என்று நினைக்கிறேன். பயப்பட வைக்கும் ஒருவனே கடைசியில் மாமியாரைத் தடவிக்கொடுத்து அழைத்துப்போனால்தான் அந்தக் காட்சிக்கு எடை இருக்கும்.

போன்ட்ஸாவின் சோதனை இரண்டாம் அங்கத்தில் வருகிறது. இருவரையும் நேருக்கு நேர் மோதவிட அகாட்ஸி சூழ்ச்சி செய்கிறார். பக்கத்து அறையில் ஃப்ரோலா அம்மாள் பியானோ வாசிக்கிறார். தன் லீனா வாசிக்கும் மெட்டு என்கிறார். கேட்டதும் போன்ட்ஸா நிலைகுலைகிறான். எதிரே வந்த அம்மாளிடம், லீனா இல்லை, அவள் ஜூலியா, ஜூலியாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று வெறிபிடித்தவன்போலக் கத்துகிறான். அவர் நடுங்கி அழுதுகொண்டு வெளியேறியதும், சட்டென்று அமைதியாகி, மன்னியுங்கள், அவர் என்னைப் பைத்தியம் என்று நம்புகிறார், அந்த நம்பிக்கையைக் காக்கத்தான் பைத்தியமாக நடித்தேன் என்கிறான். இந்த மாற்றத்தை நடிகர் நிதானமாக, சாமர்த்தியமாகச் செய்தால் அவன் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவான். திணறிச் செய்தால் நோயாளி ஆகிவிடுவான். நான் பார்க்க விரும்புவது மூன்றாவது வழி. கத்தியதும் நிஜம், நடிப்பு என்று சொல்வதும் நிஜம். மனைவி வாசித்த மெட்டு என்று ஒரு தாய் வாசிப்பதைக் கேட்டவனுக்குக் கோபத்தை நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நடிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததால் அழ முடிந்தது, அவ்வளவுதான். துக்க வாசிப்பு இங்கே ஒரு நடிகனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள எதையோ தருகிறது. உண்மை கிடையாது என்ற தத்துவ வாசிப்பு எதையும் தருவதில்லை.

அப்படியானால் உண்மை இல்லையா? இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். லீனா இறந்தாள் அல்லது இறக்கவில்லை. இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது, பிரான்டெல்லோ அதை மறுக்கவில்லை. லவுதீஸி சொல்வது வேறு. ஆவணங்கள் பூகம்பத்தில் அழிந்தது முக்கியமில்லை, அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே அவற்றை அழித்துவிட்டார்கள், ஒருவர் மற்றவருக்காக உண்மையின் கனம் கொண்ட ஒரு மாயத்தை உருவாக்கி அதற்குள் சமாதானமாக வாழ்கிறார்கள், எந்தக் காகிதமும் இனி அதைக் கலைக்க முடியாது என்பது அவர் வாதம். நடந்தது என்ன என்பது ஒரு கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு என்பது இன்னொரு கேள்வி. ஊர் முதல் கேள்வியைக் கேட்கிறது, நாடகம் இரண்டாவதைக் கேட்கிறது. லவுதீஸியை நாடகாசிரியரின் குரல் என்று முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். அவர் விசாரணையை எதிர்க்கிறார், ஆனால் இடத்தைக் காலி செய்வதில்லை. வேடிக்கை பார்ப்பவர்களை வேடிக்கை பார்ப்பதும் வேடிக்கைதான்.

உங்கள் இயக்குநரோடு எனக்கு உள்ள உண்மையான தகராறு இனிமேல்தான். துக்கத்தின் நாடகம் என்று வாசிப்பவர்கள் பலர் அந்த மூவரின் ஏற்பாட்டை அழகான தியாகமாக ஆக்கிவிடுகிறார்கள். மூன்று காயம்பட்ட உயிர்கள், ஒருவருக்கொருவர் பொய் சொல்லி ஆறுதல் தேடுகின்றன, ஊர்தான் கெட்டது என்ற கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரக்கம் தந்த மருந்தின் விலையை மூவரும் சமமாகக் கொடுக்கவில்லை. அம்மாளுக்கு மகள் கிடைக்கிறாள், போன்ட்ஸாவுக்கு மனைவி கிடைக்கிறாள். உச்சி மாடியில் இருப்பவளுக்கு ஒரு கூடையும் கயிறும். எனக்கு நான் யாருமில்லை என்று அவள் சொல்லும்போது அது ஞானத்தின் உச்சம் மட்டும் இல்லை, ஒரு கணக்குத் தீர்ப்பும்கூட. இன்றைய பார்வையாளர்கள் கணவன் பூட்டிவைத்த பெண்ணாகவே அவளை முதலில் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்தச் சந்தேகத்தை இயக்குநர் துடைத்துவிடக் கூடாது. இரக்கம் உண்மையானது, சிறையும் உண்மையானது என்று இரண்டையும் மேடையில் நிற்கவைக்க முடிந்தால்தான் துக்க வாசிப்பு முழுமையாகிறது.

முகத்திரையை விலக்கியது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒரு முகத்தைக் காட்டியதும் அவளுக்கு வயது வந்துவிடுகிறது, சாயல் வந்துவிடுகிறது. அம்மாளைப் போல இருக்கிறாளா என்று பார்வையாளர்கள் தேட ஆரம்பிப்பார்கள். எந்த விசாரணையை நிறுத்தச் சொல்லி அவள் கேட்டாளோ, அதே விசாரணையை அரங்கம் முழுவதும் தொடரும். உதவி செய்தவர் இயக்குநர். கண்ணீரைக் காட்டியதும் அதே கதை. அவள் எதற்காக அழுகிறாள் என்று தெரிந்துவிட்ட பாவனை வந்துவிடுகிறது. அவள் உடுத்தியிருப்பது முழுத் துக்க உடை. யாருக்காக? அவள் லீனா என்றால் லீனா சாகவில்லை. ஜூலியா என்றால், முன்பின் அறியாத ஒருத்திக்காக நான்கு ஆண்டுகள் கழித்து இவ்வளவு துக்கம் எதற்கு? ஊரோடு போன உறவினர்களுக்காகவா, தனக்காகவேயா? திரை மூடியிருக்கும்வரை இத்தனை விடைகளும் அந்த உடைக்குள் இருக்கும். முகம் தெரிந்ததும் ஒன்றுதான் மிஞ்சும்.

இதே காரணத்தால், அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் தான் லீனாவா ஜூலியாவா என்று ரகசியமாக முடிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பிரபலமான ஒத்திகைத் தந்திரமும் எனக்கு உவப்பில்லை. புத்திசாலித்தனமான தந்திரம்தான். ஆனால் அது நடிகையை ஊர்க்காரர்களின் கேள்விக்கே பதில் தேட வைக்கிறது. அவர் யோசிக்க வேண்டியது, ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு லீனாவாகவும் இன்னொருவனுக்கு ஜூலியாவாகவும் இருந்து முடித்தபின் மிச்சம் என்ன என்பதைத்தான். போன்ட்ஸாவும் அம்மாளும் மட்டும் தங்கள் கதையை முழுமையாக நம்பி நடிக்க வேண்டும், ஓர் இமைகூடப் பார்வையாளர்களைப் பார்த்துச் சிமிட்டாமல்.

பிரான்டெல்லோவுக்கு இந்த விஷயம் ஒருநாள் யோசனை இல்லை என்பதற்கு 1923இல் மேடையேறிய 'நான் உனக்குத் தந்த உயிர்' நாடகம் சாட்சி. அதில் ஒரு தாய் தன் மகன் இறந்ததை ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். தன் நினைவில் வாழ்பவன் எப்படிச் செத்தவனாவான் என்கிறாள். இத்தாலிய இயக்குநர் மாஸ்ஸிமோ காஸ்த்ரி 1970களின் பிற்பகுதியில் இந்த நாடகத்தையும் நாம் பேசும் நாடகத்தையும் அடுத்தடுத்து எடுத்து நடத்தினார். இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்களுக்குப் பின்னதில் இருக்கும் துக்கம் கண்ணில் படாமல் போகாது.

சிரிப்புக்கு வருகிறேன். லவுதீஸி மூன்று அங்கங்களின் முடிவிலும் சிரிக்கிறார். முதல் முறை நாமும் அவரோடு சிரிக்கிறோம். இரண்டாம் முறை கொஞ்சம் தயங்குகிறோம். மூன்றாம் முறை அந்த இருவரும் அழுதுகொண்டு போய்ச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. சிரிப்பு நாராசமாக இருக்கும். நாராசமாக இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டு மௌனத்தில் விளக்கை அணைத்தால், நல்ல மனிதர்களாக நெகிழ்ந்துபோய் வீட்டுக்குப் போகலாம். பிரான்டெல்லோ அந்த வசதியைத் தர மறுத்தார். திருப்தியா என்ற கேள்வி மேடையில் இருக்கும் அதிகாரிகளுக்கு மட்டும் என்று நினைத்தால், மூன்று அங்கங்களாக நாமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டோம் என்று பொருள்.

கடைசியாக, நீங்களே இதை மேடையேற்ற நினைத்தால் இடைவேளையை எங்கே வைப்பது என்பதில் ஒரு யோசனை. பலரும் வழக்கப்படி இரண்டாம் அங்கத்துக்குப் பிறகு வைப்பார்கள். நானாக இருந்தால் முதல் அங்கம் முடிந்ததும் வைப்பேன். போன்ட்ஸாவின் கதையையும் அம்மாளின் கதையையும் சுடச்சுடக் கேட்ட பார்வையாளர்கள் வெளியே வந்து, யார் பைத்தியம் என்று கட்சி பிரிந்து வாதாடுவார்கள். வாதாடட்டும், பதினைந்து நிமிடம். மணி அடித்து உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் மேடையில் அதே வாதத்தைத்தான் அகாட்ஸியின் கூட்டம் செய்துகொண்டிருக்கும். அதற்கு மேல் இயக்குநர் எதையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.